கறுப்புத் தாளிலிருந்து கம்ப்யூட்டர் வரை



"நீதான் போட்டோஷாப்ல கில்லாடியாச்சே, மலருக்கு நினைவுப் பக்கங்களை நீயே போட்டுக் கொடுத்துடுப்பா" என்று சீனியர் அண்ணன் ஒருவர் போனில் சொன்னார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். மூன்று மாதம் ஆகிவிட்டது! காரணம், எங்கள் பேட்ச் போட்டோ ஒன்று. அந்தக் கதைக்கு வருமுன், படம் வெட்டி ஒட்டும் இந்த வேலையின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

அண்ணன் கொடுத்தனுப்பிய 1970-களின் ஆல்பத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கறுப்புத் தாள். ஒவ்வொரு படத்துக்கும் நான்கு மூலையில் முக்கோணக் கார்னர். நடுவே சரசரக்கும் பட்டர் பேப்பர். படத்தின் கீழே வெள்ளை மையில் பெயர்களும் தேதியும். எடுத்தவர் யார் என்று தெரியாவிட்டாலும் படத்தில் இருப்பவர் யார் என்று தெரிகிறது.

படத்தையும் தாளையும் சேகரித்து ஒட்டி வைப்பது உலகம் முழுக்க இருந்த பழக்கம்தான். எழுத்தாளர் மார்க் ட்வைன், தண்ணீர் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத்தாள் ஸ்கிராப் புக் ஒன்றுக்கு 1873-ல் காப்புரிமை வாங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நம்ம வீடுகளிலும் இது இருந்தது. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த பொன்னியின் செல்வனை, மணியம் வரைந்த படங்களோடு வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! எங்கள் பாட்டி வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று உண்டு.

சரி, ஒட்டுவது இருக்கட்டும். இரண்டு படத்தைத் தையல் தெரியாமல் ஒன்றாக்குவது? அதில் நம்ம சேலத்துக்குத் தனிப் பெருமை உண்டு. டி. ஆர். சுந்தரம் 1930-களில் இங்கே தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவை ஏற்காடு ரோட்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த நிறுவனம் 1940-ல் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில்தான் பி. யு. சின்னப்பா, தமிழ் சினிமாவில் முதன்முறையாக இரட்டை வேடம் போட்டார். அந்தக் காலத்தில் உலகெங்கும் இரட்டை வேடத்துக்கு இருந்த வழி இதுதான்: லென்சில் பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்து ஒரு முறை எடுப்பார்கள். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். கேமரா ஒரு நூல் நகர்ந்தாலும் தொலைந்தது! இன்று நாம் சாப்ட்வேரில் 'மாஸ்க்' என்று சொடுக்குகிறோமே, அதன் தாத்தா அந்தக் கறுப்புத் தகடுதான்.

ஊர் ஸ்டுடியோக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. தனித்தனியே எடுத்த கணவன், மனைவி படங்களை ஒரே படமாக்கி, பென்சிலாலும் பிரஷ்ஷாலும் தொட்டுச் சரிசெய்து, கண்ணாடி போட்டுத் தருவார்கள். வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்கும் எத்தனையோ ஜோடிப் படங்கள் அப்படிப் பிறந்தவைதான். இந்தப் பழைய ஸ்டுடியோ படங்கள் மக்கிப்போகுமுன் காப்பாற்ற, 2010-களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாடு முழுக்கத் தேடி டிஜிட்டல் ஆக்கியது.

இனி கம்ப்யூட்டர். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல் 1987-ல் எழுதத் தொடங்கிய ஒரு சிறு புரோகிராம், அவர் தம்பி ஜானின் உதவியோடு வளர்ந்து, அடோபி நிறுவனம் வழியாக 1990 பிப்ரவரியில் 'போட்டோஷாப்' ஆக வெளிவந்தது. சகோதரர்களின் அப்பா வீட்டு நிலவறையில் டார்க் ரூம் வைத்திருந்தவர். அந்த வாசனை இன்றும் சாப்ட்வேரில் இருக்கிறது! 'டாட்ஜ்' கருவிக்கு ஏன் குச்சியில் சொருகிய வட்டம் மாதிரி ஒரு படம்? டார்க் ரூமில் ஒரு முகத்தை வெளுப்பாக்க, கம்பியில் ஒட்டிய அட்டை வட்டத்தால் வெளிச்சத்தை மறைப்பார்கள். 'பர்ன்' கருவிக்கு ஏன் கை? ஓரிடத்தைக் கருமையாக்க, விரல்களைக் குவித்து அந்த இடத்தில் மட்டும் வெளிச்சத்தை விடுவார்கள்.

முதலில் அது மேக்கின்டாஷில் மட்டுமே ஓடியது. அதை விண்டோஸுக்குக் கொண்டுவந்த பொறியாளர்களில் ஒருவர் சீதாராமன் நாராயணன். போட்டோஷாப் திறக்கும்போது வந்து போகும் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்து, ஹாஸ்டலில் "நம்ம ஆளுடா!" என்று கத்தியது எனக்கு மட்டும்தானா ஞாபகம்? 1994-ல் மூன்றாம் பதிப்பில் 'லேயர்' வந்தது. அதற்கு முன் ஒரு படத்தை ஒட்டினால் ஒட்டியதுதான். லேயர் வந்தபின் எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம், எடுக்கலாம்.

நம் ஊர் கல்யாண ஆல்பங்களும் மாறின. கார்னரும் பட்டர் பேப்பரும் போய், 12-க்கு 36 இஞ்ச் விரிப்பு வந்தது. இஞ்சுக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் ஒரு விரிப்புக்கு ஏறத்தாழ 3.9 கோடி புள்ளிகள்! ஆனால் 2011-ல் முடித்த எங்கள் பேட்ச் முதல் வருடத்தில் எடுத்ததெல்லாம் 640-க்கு 480 செல்போன் படங்கள். அதே கணக்கில் அச்சிட்டால் இரண்டு இஞ்ச் அகலம்தான். ஐம்பது வருடம் முந்தைய அண்ணன்களின் படம் பெரிதாக, தெளிவாக இருக்கிறது. எங்களுடையது தீப்பெட்டிப் படம்!

அதைவிடப் பெரிய சோகம், பெயர்கள். எங்கள் பிரிவுபசார விழாப் பக்கங்களை அப்போது ஒரு டி.டி.பி. சென்டரில் போட்டோம். தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு விதமாக இருந்த காலம் அது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றதே 2010-ல்தான். இன்று அந்த பைலைத் திறந்தால், படங்கள் இருக்கின்றன. அடியில் இருந்த நண்பர்களின் பெயர்கள் புரியாத குறிகளாக நிற்கின்றன. வெள்ளை மை தாங்கியது, பைல் தாங்கவில்லை.

இப்போது அந்த போட்டோவுக்கு வருகிறேன். எங்கள் பேட்ச் கடைசி வருட குரூப் போட்டோவில் ஒருவன் இல்லை. அன்று காய்ச்சல் என்று ராசிபுரம் பக்கம் ஊருக்குப் போயிருந்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு சாலை விபத்தில் போய்விட்டான். "அவனையும் நடுவுல நிக்க வெச்சுடுடா, யாருக்குத் தெரியப் போகுது" என்றார்கள் நண்பர்கள். பத்து நிமிட வேலை. செய்தும்விட்டேன். நிழல்கூடச் சரியாக விழுந்தது. ஆனால் மனசு ஒப்பவில்லை. அச்சுப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

அம்மா ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார். தடவிக்கூடப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருக்குது சாமி. ஆனா அன்னிக்கு அவன் இங்க இந்தத் திண்ணையிலதான் படுத்திருந்தான். கஞ்சி வெச்சுக் குடுத்தேன். ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அந்த நாளு எனக்கு வேணும் கண்ணு. அவன் அங்க நின்னுட்டா, இங்க யாரு படுத்திருந்தது?" என்று கேட்டார்.

பொறியியல் படித்த எனக்குப் பதில் தெரியவில்லை.

வீடு திரும்பி அந்த லேயரை எடுத்துவிட்டேன். பிறகுதான் பழைய குரூப் போட்டோக்களின் வழக்கம் ஞாபகம் வந்தது. அன்று வராதவரின் முகத்தை மேல் மூலையில் தனியாக ஒரு முட்டை வடிவத்துக்குள் வைப்பார்கள். அவர் அன்று இல்லை, ஆனாலும் எங்களில் ஒருவர் என்று வெளிப்படையாகச் சொல்லும் முறை அது. அம்மா கொடுத்த படத்தை அப்படியே வைத்து, அடியில் அவன் பெயரும், 'அன்று வர இயலாதவர்' என்ற வரியும் சேர்த்தேன். எங்கள் பேட்ச் பக்கத்தில் பாருங்கள்.

தம்பி தங்கைகளே, உங்கள் போனில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். பேட்சுக்கு நூறாவது அச்சுப் போட்டு வையுங்கள். பின்னால் பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர், தேதி, இடம் எழுதுங்கள். பைலில் எழுதினால் யூனிகோடில் எழுதுங்கள். பக்கத்தை எப்படி வேண்டுமானாலும் அழகுபடுத்துங்கள், யார் எப்போது எங்கே நின்றார் என்பதை மட்டும் மாற்றாதீர்கள்.

சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கறுப்பு ஆல்பத்தில் ஒரே ஒரு குரூப் போட்டோவின் அடியில் மட்டும் வெள்ளை மை உதிர்ந்துவிட்டது. பின்வரிசையில் இடமிருந்து நான்காவதாக, சட்டைக் கையை மடித்துவிட்டு, கேமராவைப் பார்க்காமல் சிரிப்பவர் யார்? தெரிந்தவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரவேற்பு மேஜைக்கு வாருங்கள். பென்சிலோடு காத்திருக்கிறேன்.