அரக்குத் தட்டில் தந்தி நாதம்

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்திலுள்ள அதியமான்கோட்டை, சங்ககாலத் தகடூரை ஆண்ட அதியமான் மரபின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் ஊராகும். அம்மரபில் வந்த நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் சொல் சிதையாமல் நம் கைக்கு வந்துள்ளன. ஆனால் அவன் காலத்துப் பாணர் மீட்டிய யாழ் எவ்வாறு ஒலித்தது என்பதற்கு ஒரு நொடி நேரச் சான்றுகூட எஞ்சவில்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய விபுலானந்த அடிகள் சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் குறிப்புகளையும் நரம்புகளின் அலகுக் கணக்கையும் கொண்டு நீண்டகாலம் உழைத்து, 1947-இல் 'யாழ் நூல்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அந்நூல் யாழின் வடிவையும் பண்களின் இலக்கணத்தையும் மீட்டுத் தந்ததேயன்றி ஒலியை மீட்டுத் தர அதற்கு வழியிருக்கவில்லை. தந்தி இசை மீட்டுபவர் விரலோடு மறைந்துவிடாமல் ஒரு பொருளில் பதிந்து தங்கத் தொடங்கியது, எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டறிந்து, அதன்பின் எமில் பெர்லினர் தட்டையான வட்டத் தட்டில் ஒலியைப் பதிக்கும் முறையை உருவாக்கிய பிறகுதான்.

இந்தியாவில் அம்முறை வணிகமாக வேரூன்றியது, கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்ததிலிருந்து எனலாம். அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியக் கலைஞர்களும் பதிவுக்கூம்பின் முன் அமர்த்தப்பட்டனர். அதியமான்கோட்டை அமைந்த நல்லம்பள்ளியும் அக்காலத்தில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ஆம் நாளில்தான். அந்தப் பழைய சேலத்தின் பெயரைத் தம் பெயரின் முன்னே தாங்கிய சேலம் கோதாவரியும், கொங்கு நாட்டின் மறுகோடியிலிருந்து புகழ்பெற்ற கோயம்புத்தூர் தாயியும் தென்னாட்டின் தொடக்ககாலத் தட்டுகளில் தங்கள் குரலைப் பதித்துச் சென்றவர்கள். பாட்டுப் பதிந்த மெழுகுத் தட்டு ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குக் கப்பலேறி, அங்கே அச்சுத் தட்டாகி, மீண்டும் இந்தியச் சந்தைக்கு வந்தது. 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை திறக்கப்பட்ட பின்னரே இந்தப் பயணம் முடிவுக்கு வந்தது.

தட்டின் மூலப்பொருளோ தொடக்கம் முதலே இந்தியாவுடையது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் பலாச மரம் முதலியவற்றின் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுரண்டி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் கிடைப்பது அவலரக்கு. அதனோடு கல்மாவும் கரித்தூளும் பஞ்சிழையும் சேர்த்துச் சூட்டில் அழுத்தியதே 78 சுற்றுத் தட்டு. ஆகவே, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு தந்திக் கருவிகள் சேர்ந்திசைக்கும் 'நால்வர் இசை' என்னும் ஐரோப்பிய மரபை அமெரிக்காவின் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த பிளான்சாலே குழுவினரின் தட்டானாலும், சேலத்துப் பாடகியின் தட்டானாலும், இரண்டும் ஒரே பூச்சியின் பிசினில்தான் படிந்தன.

இரண்டுக்கும் பொதுவான குறையும் ஒன்று உண்டு. 1925-க்கு முந்திய பதிவு முறையில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை; இசைப்பவரின் ஒலி கூம்பின் வழியே சென்று ஒரு மெல்லிய சவ்வை அதிரச் செய்ய, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் வரிப்பள்ளம் வெட்டியது. அந்த அமைப்பு நொடிக்கு ஏறக்குறைய 168 அதிர்வுகளுக்குக் கீழும் 2000 அதிர்வுகளுக்கு மேலும் ஒலியைச் சரிவரப் பிடிக்கவில்லை. செல்லோவின் தடித்த தந்தி அதிர்வது நொடிக்கு 65 முறை, வியோலாவின் தடித்த தந்தி 131 முறை. எனவே நால்வர் இசையின் அடித்தளமே பதிவில் விழவில்லை. வீணைக்கு இழப்பு இன்னும் கடுமையானது. மூன்று கட்டைச் சுருதியில் சாரணித் தந்தியே ஏறக்குறைய 165 அதிர்வில் நிற்க, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்னும் மற்ற மூன்று தந்திகளும் அதற்குக் கீழே இறங்குகின்றன. அப்படியிருந்தும் பழைய தட்டில் மந்தரத் தந்தி கேட்பதாகத் தோன்றுவதற்குக் காரணம், அடிப்படை ஒலி விழாவிட்டாலும் அதன் மேலோசைகள் விழுந்திருப்பதும், அவற்றைக் கொண்டு காது தானே அடிப்படையை ஊகித்துக்கொள்வதுமாகும். வயலினின் மெலிந்த ஒலியைக் கூம்பை நோக்கித் திருப்ப, லண்டனில் அகஸ்டஸ் ஸ்ட்ரோ மரக்கூட்டுக்கு மாற்றாக உலோகக் குழல் பொருத்திய வயலினையே செய்தார்.

இத்தனை குறைகளுக்கும் நடுவில் அத்தட்டுகள் கடல் கடந்து செய்த வேலை வியப்புக்குரியது. ராவேலின் மாணவரான பிரெஞ்சு இசையாளர் மோரிஸ் தெலாஜ் இந்தியப் பயணம் முடித்துத் திரும்பி எழுதிய நான்கு 'இந்துப் பாடல்கள்' 1914 ஜனவரியில் பாரிஸில் அரங்கேறின. ஒரு பெண் குரலுக்குப் பக்கத்துணையாகக் குழல், ஆர்ப் முதலியவற்றோடு தந்தி நால்வரையும் வைத்து எழுதப்பட்ட அப்படைப்பில், 'லாகூர்' என்ற பாடலின் தொடக்கத்தில் செல்லோ வில்லை விட்டுவிட்டு விரலால் மீட்டி, அதே அதிர்வில் சுரத்தை இழுத்துச் செல்கிறது. சித்தார் மேதை இம்தாத் கானின் கிராமபோன் தட்டிலிருந்து அந்த இழுப்பு எடுக்கப்பட்டதென ஆய்வாளர் காட்டியுள்ளனர். தெலாஜின் 'ராகமாலிகா' கோயம்புத்தூர் தாயியின் இசையிலிருந்து பிறந்தது. ஒரு மீட்டில் பல சுரங்களை இழுக்கும் கமகம் ஐரோப்பியச் செல்லோவின் தந்தியில் ஏறியதற்கு, மூன்று நிமிட அரக்குத் தட்டு ஒன்று போதுமானதாக இருந்தது.

மின்வழிப் பதிவு வந்த பிறகு ஒலிவாங்கியின் முன் மெல்ல வாசிக்கவும் முடிந்தது. வீணை தனம்மாளின் வாசிப்பு நமக்குக் கிடைத்திருப்பது இதனால்தான். 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்த அவர், சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் அறிந்தோர் சிலருக்கு முன் வாசித்தவர். அறையில் ஆடையின் சரசரப்பு எழுந்தாலும் நாதம் மறைந்துவிடும் அளவுக்கு மென்மையாக மீட்டியவர். கொலம்பியா நிறுவனம் 1932-இல் அவரைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 65. அந்தச் சில தட்டுப் பக்கங்கள் இல்லையென்றால் அவரது வாசிப்பும் அதியமான் காலத்து யாழைப்போலவே கேள்விச் செய்தியாக நின்றிருக்கும்.

தட்டுகள் ஊர்களில் வாழ்ந்த வாழ்க்கை அவற்றின் தேய்மானத்தில் எழுதப்பட்டுள்ளது. பின்னாளில் ஏ.வி.எம். நிறுவனத்தைத் தொடங்கிய மெய்யப்பச் செட்டியார் உள்ளிட்டோர் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் போன்ற கடைகள் வழியே தட்டுகள் தமிழகமெங்கும் பரவின. வசதியானவர் வீட்டுக் கூடத்தில் சாவி கொடுத்து ஓட்டிய கிராமபோனிலும், பின்னர் கல்யாணத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் கட்டிய ரேடியோ செட்டுகளிலும் அவை ஓடின. ஒவ்வொரு பக்கத்துக்கும் புது எஃகு ஊசி மாற்றவேண்டும் என்பது விதி; ஊசி விலை பார்த்துப் பழைய ஊசியையே ஓட்டியது வழக்கம். மழுங்கிய ஊசி வரிப்பள்ளத்தின் சுவர்களை உரசி அரைத்ததால், மக்கள் மிகவும் விரும்பிக் கேட்ட தட்டே இன்று மிகவும் சிதைந்த தட்டாக இருக்கிறது.

மீட்டெடுக்கும் பணி கழுவுவதில் தொடங்குகிறது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துக் கதவுக்குப் பாலிஷ் இடுவதை அறிந்தவர் எவரும் இத்தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கமாட்டார், ஏனெனில் அழுக்கோடு பாட்டும் கரைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் மென்மையான தூரிகையுமே போதும். அடுத்தது ஊசித் தேர்வு. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் பிற்கால நெடுந்தட்டின் பள்ளத்தைவிட மூன்று நான்கு மடங்கு அகலமானது. ஆதலால் பல அகலங்களில் ஊசிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, பழைய எஃகு ஊசி தொடாமல் விட்ட சுவர்ப் பகுதியை எந்த ஊசி தொடுகிறதோ அதைத் தேர்வர்.

ஆனால் இப்பணியின் உயிர்நாடி சுருதியே. 78 சுற்று என்பது பெயரளவுக்குத்தான். தொடக்ககாலத் தட்டுகள் நிமிடத்துக்கு எழுபது சொச்சத்திலிருந்து எண்பதுக்கு மேல் வரை பலவகை வேகங்களில் வெட்டப்பட்டவை. 82 சுற்றில் பதிந்ததை 78-இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை இறங்கும்; காலப்பிரமாணமும் தளர்ந்து, துள்ளலாகப் பாடியவர் சோர்ந்து பாடியவராகத் தோன்றுவார். நால்வர் இசையை மீட்பவருக்கு இங்கே ஓர் ஊன்றுகோல் உண்டு. பேத்தோவனின் படைப்பு எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டதென்பது அச்சிட்ட ஏட்டில் இருக்கிறது. அதற்கு இசையும்படி வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம். கருநாடக இசையில் சுருதி பாடுபவரின் உரிமை. இன்ன கட்டையில்தான் பாடினார் என்று எந்த ஏடும் சொல்லாது. எனவே உடன் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் நிலையான சுரம், அதே கலைஞரின் வேறு தட்டுகள், பதிவு எண்ணைக் கொண்டு மைக்கேல் கின்னியர் போன்ற தொகுப்பாளர் நிறுவிய ஆண்டுவரிசை, பேச்சொலியின் இயல்பு ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தே முடிவுக்கு வரவேண்டும். இதைச் செய்ய நல்ல கருவி இருந்தால் மட்டும் போதாது, நல்ல கேள்வி ஞானமும் வேண்டும்.

மையத் துளையும் ஏமாற்றும். துளை நடுவிலிருந்து சற்றே விலகினாலும் தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வேகம் கூடிக் குறைய, சுரம் நொடிக்கு ஒன்றேகால் முறைக்குச் சற்று மேலாக ஊசலாடும். நால்வர் இசையின் நீண்ட சுரத்தில் இது பிழையென உடனே தெரிந்துவிடும்; வீணையிலோ, கமகம் அறியாதவருக்கு அதுவும் ஒரு கமகமாகவே கேட்கும். துளையைச் சற்றே அகலப்படுத்தி, பள்ளங்கள் சரியான வட்டத்தில் சுழலும் இடத்தை ஊசியின் பக்கவாட்டு ஆட்டத்தைப் பார்த்துக் கண்டறிந்து நிறுத்துவர்.

இரைச்சல் நீக்கம் கடைசியில் வருகிறது. பெருங்கேடு நேர்வதும் இங்கேதான். தட்டின் குறுக்கே ஒரு கீறல் இருந்தால் நிமிடத்துக்கு 78 முறை 'டக்' என்று ஒலித்து, பாட்டின் தாளத்தோடு சண்டையிடும். 1980-களில் பிரிட்டனின் தேசிய ஒலி ஆவணக் காப்பகத்துக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த 'சீடார்' முதலிய கணினி முறைகள், அத்தகைய 'டக்'கை அடையாளம் கண்டு வெட்டி, இடைவெளியை அக்கம்பக்க ஒலியைக் கொண்டு நிரப்புகின்றன. வில் போட்டு இழுக்கும் வயலினுக்கு இது பெரிதும் பொருந்தும், ஏனெனில் அதன் ஒலி தொடர்ந்து ஊட்டப்படுகிறது. வீணையின் மீட்டும் ஒரு திடீர்த் தெறிப்பே ஆதலால், கணினி அதையும் கீறலெனக் கருதிச் செதுக்கிவிடும். அதைவிட நுட்பமான இழப்பு, 'ஸ்ஸ்' என்னும் தொடர் இரைச்சலைக் குறைக்கும்போது நிகழ்கிறது. வீணையில் ஒருமுறை மீட்டிவிட்டு, ஒலி தேய்ந்துகொண்டே போகும்போதுதான் இடக்கை விரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களைப் பேசவைக்கிறது. ஆகவே இரைச்சலுக்குச் சமமாக மெலிந்து கிடக்கும் அந்த வாலில்தான் இராகம் இருக்கிறது. சுத்தமாகக் கேட்கவேண்டும் என்னும் ஆசையால் அந்த வாலை அறுத்த மறுவெளியீடுகளைக் காட்டிலும், இரைச்சலோடு விட்டுவைத்த பிரதியே ஆயிரம் மடங்கு மேலானது.

சென்னையில் பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டிய வி.ஏ.கே. ரங்கா ராவ் போன்ற சேகரிப்பாளர்களும், விக்ரம் சம்பத் பெங்களூரில் தொடங்கிய இந்திய இசை ஆவணக்காப்பகம் போன்ற அமைப்புகளும் இல்லாவிடில் மீட்பதற்குத் தட்டே இருந்திராது. சேலம், தருமபுரிப் பகுதிகளின் பழைய வீட்டுப் பரண்களிலும், ரேடியோ செட்டு கட்டியவர்களின் மரப்பெட்டிகளிலும் தட்டுகள் இருக்குமாயின், அவை மேலும் கீறல்படாமல் நிமிர்த்தி நிறுத்தப்பட்டு, வெயில் படாத இடத்தில் வைக்கப்படவேண்டும். படுக்கவைத்து அடுக்கினால் அரக்கு கோடை வெப்பத்தில் வளைந்துவிடும். தனம்மாளின் தட்டைத் திருத்தாத பிரதியில் கேட்பவர், கடைசி மீட்டுக்குப் பிறகு சாரணித் தந்தி சட்சத்தை நோக்கிச் சற்றே வழுக்கி இறங்குவதையும், அது அடங்குமுன்பே பள்ளம் முடிந்து ஊசி வெற்று அரக்கில் உரசத் தொடங்குவதையும் கேட்கலாம்.