யார் பெயரால் ஆட்சி? மைசூரை முன்வைத்து முடியாட்சி குறித்து

1947ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஓசூரிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு (கன்டோன்மென்ட்) புறப்பட்ட ஒருவர், சுமார் நாற்பது கிலோமீட்டர் சாலையில் மூன்று அதிகாரங்களைக் கடந்திருப்பார். ஓசூர் சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. திப்பு வீழ்ந்தபின் நடந்த 1799 பங்கீட்டில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போன பகுதி அது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் மைசூர் மகாராஜாவின் சீமை. ஆனேக்கல் வட்டத்துச் சந்தாபுரா அதற்குள் வரும். சாலை முடியும் தண்டுப் பகுதியோ 1881 முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் பொறுப்பில் இருந்தது. ஆனால் மடியில் இருந்த ரூபாயில் வழியெங்கும் லண்டன் அரசரின் முகம்தான். மைசூர் தனி நாணயம் அடிப்பதை மீண்டும் தொடங்கக் கூடாது என்பது, மகாராஜாவிடம் ஆட்சியைத் திருப்பி ஒப்படைத்த 1881 ஆட்சி மாற்ற ஆவணத்தின் விதிகளுள் ஒன்று.

முடியாட்சி என்றால் ஒருவர் ஆட்சி என்றுதான் நம் பாடநூல்கள் இன்றும் சொல்கின்றன. ஆள்வோரின் தொகையைக் கொண்டு அரசுகளை வகைப்படுத்திய அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்த வரையறை அது. அவர் யாருடைய நலனுக்காக ஆள்கிறார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்டார்; பாடநூல்கள் அதை விட்டுவிட்டன. சந்தாபுராவின் குடியானவருக்கு அந்த 'ஒருவர்' யார்? மைசூரில் இருந்த மகாராஜாவா, வரி விதித்த திவானா, வைஸ்ராயா, நாணயத்தில் இருந்தவரா? இந்த வரையறையை வைத்து விடை சொல்ல முடியாது. ஆட்சியை யார் நடத்தினாலும், அது யார் பெயரால் நடக்க வேண்டியிருக்கிறது என்பதே முடியாட்சியை முடியாட்சி ஆக்குகிறது என்பது என் வாதம். மைசூரின் இருநூறு ஆண்டு வரலாறு இதற்குத் தெளிவான சான்று.

18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மைசூர் அரச மரபினரான உடையார்களிடமிருந்து அதிகாரம் தளவாய்களுக்கும், 1761இல் ஹைதர் அலிக்கும் போய்விட்டது. படை, கருவூலம், கோட்டை எல்லாம் ஹைதர் கையில். ஆனாலும் அரியணையை அவர் காலியாக விடவில்லை. 1776இல் அரசர் வாரிசின்றி இறந்தபோது ஹைதர் செய்ததை மைசூர் வரலாறு எழுதிய ஆங்கிலேயர் மார்க் வில்க்ஸ் எழுதியிருக்கிறார்: அரச மரபுக் கிளைகளின் குழந்தைகளை ஒரு கூடத்தில் கூட்டி, பழம், பொம்மை, ஆயுதம் என்று பலவற்றைப் பரப்பி வைத்தாராம். ஒரு கையில் குத்துவாளையும் மறு கையில் எலுமிச்சையையும் எடுத்த பிள்ளையே அரசன் என்றாராம். கதையில் மிகை இருக்கலாம். அதன் அடிப்படை உண்மைதான் முக்கியம்: எல்லா வலிமையும் உடைய ஒருவர், எந்த வலிமையும் இல்லாத குழந்தையைத் தேடி உட்கார வைக்க வேண்டியிருந்தது. அப்படி அமர்த்தப்பட்டவர் 1796இல் இறந்தபோது ஹைதரின் மகன் திப்பு யாரையும் அமர்த்தவில்லை. தன் பெயராலேயே ஆண்டார். 1799இல் திப்பு வீழ்ந்ததும் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி மீண்டும் ஐந்து வயதுச் சிறுவனைத்தான் தேடினார். அவரே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார்.

நகர் கிளர்ச்சியைக் காரணம் காட்டி 1831இல் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் நிர்வாகத்தைப் பறித்துக்கொண்டார். அடுத்த ஐம்பது ஆண்டுகள் கமிஷனர்களின் ஆட்சி. மார்க் கப்பன் 1834 முதல் 1861 வரை பெங்களூரிலிருந்து நாட்டை நடத்த, அரசர் மைசூர் அரண்மனையில் உதவித்தொகையோடு இருந்தார். ஆட்சி போயிற்று, ஆனால் அரசர் போகவில்லை. அவர் 1865இல் எடுத்த தத்துப்பிள்ளையை லண்டன் 1867இல் ஏற்றது. 1881இல் ஆட்சி திரும்பிவர அதுவே வழியானது. அதே 1867இல்தான் ஆங்கில எழுத்தாளர் வால்டர் பேஜட்டின் ஆங்கில அரசியலமைப்பு நூல் வெளிவந்தது. அரசின் மதிப்புக்குரிய பகுதி வேறு, செயல்படும் பகுதி வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். இங்கே அந்தப் பிரிவு அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே நடைமுறையில் இருந்தது. தத்து இன்னொன்றையும் காட்டுகிறது: தந்தை மகன் என்ற இரத்தத் தொடர்ச்சிகூட முடியாட்சிக்குக் கட்டாயமில்லை, ஏற்கப்பட்ட வாரிசு முறை இருந்தால் போதும்.

வெறும் பெயரால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பெயருக்கு மிகப் பெரிய பயன் உண்டு: பெருமையும் பழியும் எங்கே போய்ச் சேரும் என்பதை அது முடிவு செய்கிறது. 1881இல் பிரதிநிதிகள் சபையைக் கூட்டியவர் செங்கல்பட்டுச் சீமையில் பிறந்த திவான் ரங்காச்சார்லு. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் கோலார் தங்கவயலை எட்டியதற்குப் பின்னால் திவான் சேஷாத்ரி ஐயரின் ஆட்சி இருந்தது. காவிரி அணையின் பின்னால் விஸ்வேஸ்வரய்யாவின் மூளை இருந்தது. அதன் பெயரோ கிருஷ்ணராஜ சாகரம். பழி வந்தபோது கணக்கு தலைகீழானது. 1947 செப்டம்பரில் 'மைசூர் சலோ' போராட்டம் வெடித்தபோது மக்களின் கோபம் பெரிதும் திவான் ஆற்காடு இராமசாமி முதலியார்மீது பாய்ந்தது. மைசூர் காங்கிரஸ் கேட்டதே மகாராஜாவின் நிழலில் பொறுப்பாட்சி என்பதுதான். 1938இல் விதுராஸ்வத்தத்தில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போன பிறகும் அந்த நிழல் கலையவில்லை.

பழந்தமிழ் நூல்கள் காட்டும் அரசன் இப்படிப்பட்டவனல்லன். உலகின் உயிரே மன்னன்தான் என்று புறநானூற்றில் மோசிகீரனார் பாடினார். அந்தப் பெருமையோடு பொறுப்பும் சேர்ந்தே வந்தது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தவறு தெரிந்த கணமே அரியணையில் உயிர் விட்டான். அமைச்சன்மீதோ பொற்கொல்லன்மீதோ பழியைப் போடவில்லை. இலக்கியம் காட்டிய இலட்சியம் அது, வரலாற்றுச் சோழனோ பாண்டியனோ அப்படி நடந்தான் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் பொறுப்பேற்கும் அரசன், பொறுப்பிலிருந்து காக்கப்படும் அரசன் என்ற இரண்டும் முடியாட்சிக்குள் அடங்குகின்றன. மைசூர் இரண்டாம் வகை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு நான்காம் கிருஷ்ணராஜர். அவர் பொம்மை அரசர் அல்லர். அரசுப் பணிகளில் பிற்பட்டோர் பங்கை ஆராய 1918இல் மில்லர் குழுவை அமைத்தார். அதில் உடன்படாத திவான் விஸ்வேஸ்வரய்யா அந்த ஆண்டு இறுதியில் விலகினார். திவான் எவ்வளவு பெரியவரானாலும் அவர் போகலாம், அரசர் போகமாட்டார் என்பது அப்போது வெளிப்பட்டது. ஆகவே இதையும் என் வாதத்தின் பக்கமே சேர்க்கிறேன்: பெயருக்கு உரியவர் திறமையானவராக இருந்தால், அந்தப் பெயருக்குள்ளிருந்து அதிகாரத்தையும் எடுக்க முடியும்.

அப்படியானால் மைசூரில் முடியாட்சி எப்போது முடிந்தது? மைசூர் காங்கிரஸின் கே.சி. ரெட்டி அமைச்சரவை பொறுப்பேற்ற 1947 அக்டோபரைப் பலர் சொல்வார்கள். அன்று மாறியது ஆள்பவர் மட்டுமே. ரெட்டியும் மகாராஜாவின் பெயரால்தான் ஆண்டார். மன்னர் மானியம் ஒழிந்த 1971ஐச் சிலர் சொல்வார்கள். அது பணத்தின் கணக்கு. இந்திய அரசியலமைப்பை ஏற்பதாக ஜெயசாமராஜ உடையார் 1949 நவம்பர் 25இல் பிரகடனம் செய்தார். 1950 ஜனவரி 26 முதல் அவர் ராஜபிரமுகர், அதாவது அரசியலமைப்பின்படி மாநிலத்தின் தலைவர், ஆனார். பின்னர் மைசூரின் ஆளுநர், 1964 முதல் 1966 வரை சென்னையின் ஆளுநர். அதே அரண்மனை, அதே மனிதர், ஆனால் அந்த அதிகாரம் இப்போது மக்கள் பெயரால் எழுதப்பட்ட சட்டத்திலிருந்து வந்தது. அவருடைய மரபின் இன்றைய வாரிசு யதுவீரும் 2024இல் வாக்குக் கேட்டுத்தான் மக்களவைக்குப் போனார். மைசூரில் முடியாட்சி முடிந்த நாள் 1950 ஜனவரி 26.