கச்சேரிப் பதிவுகளும் தடப்பிரிப்பு மென்பொருளும்: குரல் தடம் எவ்வளவு சான்றாகும்?

கச்சேரிப் பதிவு ஒன்றிலிருந்து பாட்டை மட்டும் தனியே பிரித்துக் கேட்பது இன்று மடிக்கணினி வைத்திருக்கும் எவருக்கும் எட்டும் காரியம். டீசர் நிறுவனம் 2019இல் ஸ்ப்ளீட்டர் மென்பொருளை மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டது. அதே ஆண்டில் ஃபேஸ்புக்கின் ஆய்வுக் குழுவிலிருந்து டெமக்ஸ் வந்தது. மிருதங்க மாணவர்கள் பாடகரின் குரலை நீக்கிவிட்டுச் சொற்களைக் கேட்கிறார்கள். பாட்டு மாணவர்கள் மிருதங்கத்தை நீக்கிவிட்டுச் சங்கதிகளைப் படிக்கிறார்கள். இதில் குறைகாண எதுவும் இல்லை. ஆனால் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த குரல் தடத்திலிருந்து சுருதிக்கோட்டை வரைந்து, அதைக் கொண்டு கமகங்களை அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். மென்பொருள் தரும் குரல் தடம் ஒரு மதிப்பீடு மட்டுமே. கச்சேரி இசை எங்கே செறிந்திருக்கிறதோ அங்கேயே அந்த மதிப்பீடு பலவீனமாக இருக்கிறது என்பது என் வாதம்.

ஒற்றை ஒலிவாங்கியில் எடுத்த பழைய நாடாப் பதிவில் ஒரு கணத்துக்கு ஓர் எண்தான் இருக்கிறது. அது மேடையில் எழுந்த எல்லா ஒலிகளின் கூட்டுத்தொகை. விடை பத்து என்று மட்டும் தெரிந்தால், கூட்டியவை ஆறும் நான்குமா, ஏழும் மூன்றுமா என்று கணிதம் சொல்லாது. மென்பொருள் இந்தத் தடையைத் தாண்டுவது பயிற்சியின் பலத்தால். ஸ்ப்ளீட்டர் ஒலியைக் காலமும் அதிர்வெண்ணும் கொண்ட சிறு கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்தின் ஆற்றலிலும் குரலின் பங்கு எவ்வளவு என்று கணிக்கிறது. டெமக்ஸ் அலைவடிவத்தின் மீதே வேலை செய்து தொடங்கி, பிந்தைய வடிவங்களில் இரு வழிகளையும் இணைத்துக்கொண்டது. எந்த வழியானாலும், குரல் எப்படி ஒலிக்கும், தாளவாத்தியம் எப்படி ஒலிக்கும் என்ற அறிவு முன்பு கேட்ட பாடல்களிலிருந்தே வருகிறது.

அந்தப் பாடல்கள் எவை என்பது ஆகவே முக்கியமாகிறது. இத்துறையின் பொது அளவுகோலாக விளங்கும் மியூஸ்டிபி18 தொகுப்பில் 150 பாடல்கள் உள்ளன. மொத்தம் சுமார் 10 மணி நேரம். பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக் இசை. ஒவ்வொரு பாடலும் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என நான்கு தடங்களாக இருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் தனித்தனியே பதிவாகிப் பிறகு கலக்கப்படும் இசைக்கு இந்தப் பாகுபாடு பொருந்தும். கர்நாடக இசைக் கச்சேரியை இதில் வைத்தால் வயலினுக்கும் தம்புராவுக்கும் கிடைப்பது ‘மற்றவை’ என்ற மூலை. மிருதங்கத்தின் தொப்பியில் கும்கி சறுக்கும்போது எழும் ஒலி டிரம்ஸா, பேஸா? இந்த நான்கு பெட்டிகளில் அதற்கு இயல்பான இடம் இல்லை.

வயலின்தான் மிகக் கடினமான சிக்கல். கீர்த்தனையில் வயலின் கலைஞர் பாடகரின் அதே சங்கதியை, அதே ஸ்தாயியிலோ மேல் ஸ்தாயியிலோ, நிழல்போல் தொடர்கிறார். ஆதார ஷட்ஜம் 140 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பாடகர் அதில் நின்றால் அவர் குரலின் மேற்சுரங்கள் 280, 420, 560 என்று ஏறும். வயலின் மேல் ஷட்ஜத்தில் நின்றால் 280, 560, 840 என்று ஏறும். வயலினின் ஒவ்வொரு மேற்சுரமும் குரலின் ஏதேனும் ஒரு மேற்சுரத்தின் மீதே விழுகிறது. அந்தக் கட்டங்களில் யாருடைய ஆற்றல் எவ்வளவு என்பதைப் பதிவு சொல்லாது. மென்பொருளின் பழக்கமே சொல்லும்.

சுரம் நிலையாக நிற்கும்வரை இதனால் குரலின் நிறம் மட்டும் சற்று மாறும், சுருதிக்கோடு பெரிதும் பிழைக்காது. தோடியின் காந்தாரமோ சங்கராபரணத்தின் ரிஷபமோ அசையும்போது நிலைமை வேறு. வயலின் ஒரு நொடியின் சிறு பங்கு பின்தங்கி அதே அசைவைச் செய்கிறது. இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அந்த இடத்தில் மென்பொருள் தரும் ‘குரல்’ ஒரு கணம் பாடகருடையதாகவும் மறுகணம் வயலினுடையதாகவும் இருக்கலாம். இருவருமே தொடாத நடுவழியாகவும் இருக்கலாம். கமகத்தின் வீச்சையும் வேகத்தையும் அளக்க வந்தவர் அளப்பது எதை?

மிருதங்கம் சற்று எளிது என்று தோன்றும். அதிலும் ஒரு கண்ணி உண்டு. பொதுவாகத் தோல்வாத்தியத்தின் மேற்சுரங்கள் ஒழுங்கற்றவை. அந்த ஒழுங்கின்மையை வைத்தே டிரம்ஸை அடையாளம் காணலாம். சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பு இதற்கு நேர்மாறான செய்தியைச் சொன்னது: நடுவில் கருஞ்சாந்து ஏற்றிய மிருதங்கத்தின் வலந்தலை, தந்தி வாத்தியம் போல ஒழுங்கான மேற்சுரங்களைத் தருகிறது. 1930களில் அவர் இதை விரிவாக விளக்கினார். வலந்தலையைச் சுருதி சேர்ப்பதும் ஆதார ஷட்ஜத்தோடுதான். ஆகவே நீண்டு ஒலிக்கும் ‘தின்’ பாடகரின் ஷட்ஜத்தோடு கலந்து நிற்கிறது. அந்தக் கலப்பு காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்றே கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சாந்தை இட்டு வந்திருக்கிறார்கள். மென்பொருளுக்குத் தடையாக இருப்பது அவர்களுடைய சாதனை.

‘பிரித்தது கேட்க நன்றாக இருக்கிறதே’ என்பார்கள். பீட்டர் ஜாக்சனின் குழு 1969ஆம் ஆண்டின் மோனோ நாடாக்களிலிருந்து பீட்டில்ஸின் பேச்சையும் கிதாரையும் பிரித்து 2021இல் ‘கெட் பேக்’ ஆவணத்தொடரில் பயன்படுத்தியதையும், 2023இல் ‘நவ் அண்ட் தென்’ பாடலுக்காக ஜான் லெனனின் குரலைப் பியானோவிலிருந்து மீட்டதையும் எடுத்துக்காட்டுவார்கள். அவை பெரிய சாதனைகள் என்பதை மனமாரச் சொல்கிறேன். ஆனால் அங்கே நோக்கம் ரசிகர் கேட்பது. காதுக்கு நிறைவானால் வேலை முடிந்தது. சுருதியை அளக்க வேண்டிய ஆய்வாளருக்குக் காதின் நிறைவு போதாது. நன்கு பயின்ற மென்பொருள் தன் தவறையும் இனிமையாகவே ஒலிக்கச் செய்யும்.

அளவுகோல் இருக்கிறதே என்ற பதில் வரும். பிரிப்பின் தரத்தை டெசிபலில் சொல்லும் விகிதங்கள் உண்டு. அவற்றைக் கணக்கிட, பிரித்த தடத்தோடு ஒப்பிட அசல் தனித் தடம் வேண்டும். 1960களின் சபா நாடாவுக்கு அப்படி ஒரு தடம் என்றுமே இருந்ததில்லை. மேற்கத்திய பாடல்களில் கிடைத்த மதிப்பெண்ணை அந்த நாடாவுக்கும் உரியதென்று கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

இதற்கு ஒரு நேரிய வழியைப் பார்சிலோனாவின் பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகம் காட்டியிருக்கிறது. சேவியர் செர்ரா தலைமையில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்திலிருந்து ‘சராகா’ தொகுப்பு உருவானது. அதன் கர்நாடக இசைப் பகுதியில் பல பதிவுகள் குரல், வயலின், மிருதங்கத்தின் இருபுறங்கள் என்று தனித்தனி ஒலிவாங்கித் தடங்களாக உள்ளன. மேடையில் பதிவானவை என்பதால் எல்லாத் தடங்களிலும் பிறரது ஒலி கசிந்திருக்கிறது. அந்தக் கசிவைக் குறையென்று ஒதுக்காமல், கசிவுள்ள தடங்களைக் கொண்டே குரலைப் பிரிக்கப் பயிற்றுவிக்கும் முறையை அங்குள்ள ஆய்வாளர்கள் 2023இல் முன்வைத்தனர். பிற ஒலிகளின் குறுக்கீட்டை நீக்குவதில் அது ஸ்ப்ளீட்டரை விஞ்சியது. குரலின் சிதைவில் ஏறத்தாழ ஈடாக நின்றது. இரண்டையும் சேர்த்தே சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே எந்த இடத்தில் பிரித்த தடத்தை நம்பலாம் என்று பிரித்தறிய வேண்டும். ஆலாபனையில் பாடகர் தனியே நீண்ட பிடிகளைப் பாடும் இடங்களில் நம்பலாம். கல்பனாஸ்வரத்தில் குரலும் வயலினும் மாறி மாறி வருவதால், மிருதங்கத்தை மட்டும் விலக்கினாலே பெரும்பகுதி தெளிவாகும். தனி ஆவர்த்தனத்தில் தம்புராவைத் தவிர விலக்க வேண்டிய சுருதியொலி இல்லை. கீர்த்தனையின் அடர்ந்த சங்கதிகளும் நிரவலும்தான் ஐயத்துக்குரியவை. அங்கே எடுத்த கமக அளவுகளைக் குரலின் அளவுகள் என்று அச்சிடக் கூடாது. பிரித்த தடத்தைப் பயன்படுத்தும் கட்டுரை எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் பிரிக்காத பதிவில் அது வரும் நிமிடத்தையும் நொடியையும் தர வேண்டும். ஒலிக்காப்பகங்கள் பிரித்த தடத்தை அசலின் இடத்தில் அல்ல, அசலின் பக்கத்தில், அது வழிவந்த படி என்ற குறிப்போடு வைக்க வேண்டும். இவற்றுக்குச் செலவும் இல்லை, புதிய கருவியும் வேண்டாம். இந்த இதழின் அடுத்த கட்டுரையிலிருந்தே தொடங்கலாம்.