பன்னீர்த் திராட்சையின் பரிமளம்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் வளைவுகள் சில கடந்தபின் நின்று மேற்கே திரும்பிப் பார்ப்பவருக்கு, நெல்வயலும் தென்னந்தோப்பும் வாழையும் மாறிமாறி வரும் கம்பம் பள்ளத்தாக்கும், அதனிடையே மலையடிவாரத்துக் கிராமங்களைச் சுற்றி, ஆளுயரத்தில் இன்னொரு தரை போட்டாற்போலப் பரந்து கிடக்கும் திராட்சைப் பந்தல்களும் ஒருசேரத் தெரியும். அவ்வாறு பார்ப்பவரின் முதுகுப்புறம் எழுந்து நிற்பது வருசநாட்டு மலைத்தொடர்; அதன் மறுபக்கத்தில் வைகை பிறந்து, வருசநாடு, மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு என்று ஊர் ஊராக இறங்கிப் போகிறது. பள்ளத்தாக்கிலே திராட்சை, மலைச்சரிவிலே சுக்குநாறிப் புல் என்று இரு வாசனைத் திரவியங்கள் எதிரெதிரே அமைந்திருப்பதும், உலகத்துச் செயற்கைப் பரிமளங்களின் சரித்திரத்தில் இவ்விரண்டின் உறவினர்களுக்கும் பங்கு இருப்பதும் என் மனத்தை நெடுநாளாக ஈர்த்துவந்த விஷயங்கள்.

சுருளிப்பட்டி, இராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய ஊர்களில் விளையும் கருநீலத் திராட்சைக்குத் தோட்டக்கலை நூல்கள் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர் சொல்லும். ஊரார் வழங்கும் பெயரோ பன்னீர்த் திராட்சை. கல்யாண வாசலில் வெள்ளிச் செம்பை அசைத்து விருந்தினர்மேல் தெளிக்கிறார்களே, அந்தப் பன்னீரின் நினைவு இப்பழத்தை வாயிலிட்டவுடன் எழுவதால் வைத்த பெயர் அது. இதனை வெறும் அலங்காரமான உபசாரப் பெயர் என்று எண்ணுவோர் உண்டு, அது பிழை. மஸ்கட் இனத்துத் திராட்சைகளின் மணத்துக்குக் காரணமான பொருள்கள் லினலூல், ஜெரனியால், நெரால் என்று ரசாயன சாஸ்திரிகள் பிற்காலத்தில் பகுத்துச் சொன்னார்கள். அவற்றுள் ஜெரனியால் என்பது ரோஜாவின் வாசனையை ஆக்கும் முக்கியமான பொருள்களுள் ஒன்று. ஆய்வுக்கூடமும் துலாக்கோலும் இல்லாமல், தன் நாசி ஒன்றையே பிரமாணமாகக் கொண்டு, ரோஜாவும் இந்தப் பழமும் ஒரு குலம் என்று கண்டு பெயரிட்டவர் யாரென்று நமக்குத் தெரியாமற் போயினும், அவரை நான் பெரிய ஆராய்ச்சியாளராகவே மதிக்கிறேன்.

இப்பழம் இங்கே வந்த விருத்தாந்தம் சற்றே சிக்கலானது. 1832-ஆம் ஆண்டை ஒட்டிக் கிறிஸ்தவப் பாதிரிமார் சேலம், மதுரை ஜில்லாக்களில் திராட்சையைக் கொணர்ந்து நட்டனர் என்று வேளாண்மை நூல்கள் சொல்லும். இங்கே கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பது பள்ளத்தாக்கில் வழங்கும் பரம்பரைச் செய்தி. ஆனால் மஸ்கட் ஹாம்பர்க் என்ற இந்த வகையோ, இங்கிலாந்தில் ஸீவார்ட் ஸ்நோ என்ற தோட்டக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு கொடிகளைக் கலப்புச் செய்து உண்டாக்கியது என்று மேனாட்டுக் கொடிநூலார் குறித்து வைத்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், பாதிரியார் முதலில் கொணர்ந்தது வேறொரு கொடியாகவும், பன்னீர் அதன்பின் வந்து அதன் இடத்தைப் பிடித்ததாகவும் இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1895-ல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, அரபிக் கடலை நோக்கி ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியபின், இந்தப் பள்ளத்தாக்கின் வேளாண்மை அடைந்த மாறுதலை யாவரும் அறிவர். இன்று தோட்டத்துக்குத் தோட்டம் நாள் மாற்றிக் கவாத்து செய்வதனால், ஒரு தோட்டத்தில் தளிர் விடும்போது அடுத்ததில் குலை கறுக்கும். ஆகவே ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓரிடத்தில் அறுவடை நடந்துகொண்டேயிருக்கும்.

இனி மற்றொரு திராட்சை வாசனைக்கு வருவோம். ஊதா நிறக் குச்சி ஐஸிலும், சர்பத்திலும், மிட்டாயிலும், காய்ச்சலுக்குக் கொடுக்கும் குழந்தை மருந்திலும் வீசுகிறதே, அந்த அழுத்தமான தித்திப்பு வாசனை பன்னீர்த் திராட்சையினுடையது அன்று. இப்பள்ளத்தாக்கிலே பிறந்து, பந்தலடியில் ஓடியாடி வளர்ந்த குழந்தையும் கண்ணை மூடிக்கொண்டு அதை முகர்ந்தால் திராட்சை என்றுதான் சொல்லும். ஆயினும் தன் வீட்டுப் பழத்தில் அந்த வாசனையை அது ஒருநாளும் முகர்ந்திராது. அதன் மூலம் மெதில் ஆந்த்ரனிலேட் என்னும் கூட்டுப்பொருள். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கான்கார்ட் என்னும் ஊரில் எஃப்ராயிம் புல் என்பவர் 1849-ல் விதையிலிருந்து வளர்த்தெடுத்த கான்கார்ட் திராட்சையின் வாசனை அது. அந்நாட்டுக் காட்டுத் திராட்சையை அவர்கள் நரித் திராட்சை என்று அழைப்பது வழக்கம். கான்கார்ட் அதன் வழிவந்தது.

செயற்கைப் பழவாசனைகளின் கதை மெதில் ஆந்த்ரனிலேட் அறியப்பட்டதற்கும் முற்பட்டது. 1851-ல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியில் பேரிக்காய், ஆப்பிள், அன்னாசி ஆகியவற்றின் மணமுள்ள எண்ணெய்கள், பழம் ஒன்றையும் தொடாமலே ஆக்கப்பட்டவை, வைக்கப்பட்டிருந்தன. ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர் அவற்றைப் பரீட்சித்து வியந்தார். மெதில் ஆந்த்ரனிலேட் சற்றுத் தாமதமாக, அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், ஆரஞ்சுப்பூ எண்ணெயிலிருந்து அடையாளம் காணப்பட்டது. பழச்சாறுகளில் அதனைக் கண்டறியும் முறையை ஆராய்ந்த பவர் என்பவர், கான்கார்ட் சாற்றில் அது இயற்கையாகவே இருப்பதை 1921-ல் வெளியிட்டார். நம் மதுரை மல்லிகையின் மணத்திலும் அதன் அம்சம் உண்டு என்பதைக் கேட்டால் பலரும் ஆச்சரியப்படுவார்கள். பெங்களூரைச் சுற்றி விளையும் பெங்களூர் நீலம் என்னும் திராட்சை நரித் திராட்சையின் கலப்பினமாதலால், அதிலும் இவ்வாசனை வீசும். மனிதருக்கு இவ்வளவு இனிக்கும் அது பறவைகளுக்கு ஆகாது; மேனாடுகளில் பழத்தோட்டத்தில் பறவை அண்டாமலிருக்க இதையே தெளிக்கிறார்கள்.

இப்பொருளின் பிறப்பில் நம் நாட்டோடு துயரமான ஒரு சம்பந்தமும் உண்டு. மெதில் ஆந்த்ரனிலேட்டை ஆக்குவதற்கு வேண்டிய ஆந்த்ரனிலிக் அமிலத்தை, 1841-ல் ஃப்ரிட்ஷே என்பவர் முதன்முதலில் பெற்றது அவுரி நீலத்தைக் காரத்தோடு சேர்த்துச் சூடாக்கியே. நீலத்திலிருந்து அந்த அமிலம் வந்ததென்றால், அமிலத்திலிருந்து நீலத்தை ஏன் ஆக்கக் கூடாது என்று பின்வந்தவர்கள் வழியைத் திருப்பிப் போட்டார்கள். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தலீனை அந்த அமிலமாக்கி, அதிலிருந்து செயற்கை நீலத்தை ஆக்கி, ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். ஸ்தாபனம் 1897-ல் விற்பனைக்கு அனுப்பியது. தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் அவுரித் தொட்டிகள் வறண்டு போனதற்கு அதுவே தலையாய காரணம். அவுரி விவசாயியின் பிழைப்பைக் கெடுத்த அமிலமும், குழந்தையின் குச்சி ஐஸ் வாசனைக்கு மூலமான அமிலமும் ஒன்றே.

மலைமேல் நிற்கும் புல்லுக்கு வருவோம். எலுமிச்சையும் சுக்கும் கலந்தாற்போல மணக்கும் சுக்குநாறிப் புல் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெட்டவெளிச் சரிவுகளில் தானாகவே வளர்வது. மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூரிலும் மலபாரிலும் இதைக் காய்ச்சித் தைலம் இறக்குவது பெரிய தொழிலாக வளர்ந்தது. அறுத்த புல்லைக் கொப்பரையில் அடைத்து, நீரூற்றி, அடியில் தீ மூட்டி, எழும் ஆவியைத் தண்ணீரில் அமிழ்ந்த குழாயின் வழியே செலுத்தினால், குளிர்ந்து சொட்டும் நீரின்மேல் மஞ்சள் தைலம் மிதக்கும். காய்ச்சித் தீர்ந்த சக்கையே அடுத்த அடுப்புக்கு விறகு. அத்தைலம் கொச்சித் துறைமுகத்தின் வழியே கப்பலேறியதால் மேனாட்டு வியாபாரிகள் அதைக் கொச்சி எண்ணெய் என்றே அழைத்தார்கள். 1951-ல் எர்ணாகுளத்துக்கு அருகே ஓடக்காலியில் இப்புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படும் அளவுக்கு அது முக்கியம் பெற்றிருந்தது.

அத்தைலத்தில் நூற்றுக்கு எழுபது பங்குக்கும் மேற்பட்டது சிட்ரால். 1893-ல் டீமன், க்ரூகர் என்னும் இருவர் சிட்ராலை அஸிடோனோடு சேர்த்து, பின்னர் அமிலத்தால் பக்குவப்படுத்தி, அயனோன் என்ற பொருளை ஆக்கினார்கள். அதுவரை பெருந்தனவந்தர்களுக்கே எட்டியிருந்த வயலெட் பூவின் வாசனை அதனால் சாமானியர் சோப்பிலும் ஏறியது. ராஸ்பெர்ரி என்னும் சீமைப் பழத்தின் செயற்கை வாசனைக்கும் அதுவே அங்கமாயிற்று. 1947-ல் இஸ்லர் என்பவர் அயனோனிலிருந்து வைட்டமின் ஏ-யை ஆலையில் ஆக்கும் மார்க்கம் கண்டபோது, நம் மலைப்புல் மருந்துத் தொழிலுக்கும் மூலப்பொருளாயிற்று. பிறகு பெட்ரோலியப் பொருள்களிலிருந்தே சிட்ராலைத் திரள்திரளாக ஆக்கக் கற்றுக்கொண்டார்கள். அவுரிக்கு நேர்ந்தது போல அவ்வளவு கொடிதாக இல்லாவிடினும், புல்தைலத்தின் பழைய கிராக்கி குன்றியது.

ஜெரனியால், நெரால் ஆகிய இரண்டிலிருந்தும் இரண்டிரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கினால் வருவதே சிட்ரால். அப்படியானால் கீழே பந்தலில் தொங்கும் குலையும், மேலே சரிவில் அசையும் புல்லும், கல்யாண வாசலில் தெளிக்கும் பன்னீரும் ஓர் அடிமரத்துக் கிளைகள். புட்டியில் அடைத்த அந்த ஊதா வாசனை மட்டும் வேற்றுக்குலம். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்து அதன் பெயருக்குச் சட்டத்தின் காவல் வந்துவிட்டது. அதன் வாசனைக்கு அத்தகைய காவல் இல்லை. பழத்தைப் பிழிந்த சாறு இந்தப் பள்ளத்தாக்கின் கடைகளிலாவது ஊதாச் சர்பத்துக்குப் பக்கத்தில் விற்கப்பட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். கவாத்து நடந்து நாலாம் மாதம், வெயில் ஏறும் முன்னே பந்தலுக்கடியில் குனிந்து நுழைந்து, பெண்கள் கத்தரித்துக் கூடையில் அடுக்கும் குலைகளின் அருகே சற்று நின்றால், பெயர் வைத்தவர் எதை முகர்ந்தார் என்பது விளங்கும்.