லாலாங் புல்: ரப்பர் மரத்தின் காலடியில் காத்திருக்கும் தீ

ரப்பர்த் தோட்டத்தில் தீ என்று கேள்விப்பட்டால், மரங்கள் பற்றியெரிந்தன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பச்சை ரப்பர் மரம் அவ்வளவு எளிதில் பற்றாது. முதலில் எரிவது அதன் அடியில் கிடக்கும் சருகு, காய்ந்த கொடி, ரெசாம் பெரணி. எல்லாவற்றுக்கும் மேலாக லாலாங் புல்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களுக்கு இது கூடுதல் கவலை. மலைகளுக்குப் பின்னால் அமைந்த ஜெலெபு, கோலப்பிலா, ஜெம்போல் வட்டாரங்களில் மழை குறைவு. தீபகற்பத்திலேயே மழை மிகக் குறைந்த பகுதி என்று ஜெலெபுவைத்தான் சொல்வார்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் இங்கே வறட்சி நிலவும்போதுதான் ரப்பர் மரங்களும் மொத்தமாக இலை உதிர்க்கின்றன. மொட்டைக் கிளைகளின் ஊடே வெயில் நேராகத் தரையில் இறங்கி, விழுந்த இலையைச் சில நாளில் முறுமுறுப்பாக்கிவிடும். மழை குறையும் நேரத்திலேயே நிழலும் போய்விடுகிறது. 1998, 2016 போன்ற எல் நினோ ஆண்டுகளில் இந்த வறட்சி இன்னும் நீளும்.

லாலாங்கின் சாமர்த்தியம் மண்ணுக்குள் இருக்கிறது. வெளியே தெரியும் புல் பாதிதான். கூர்மையான நுனியுடைய வெண்ணிறத் தண்டுகள் ஒரு சாண் ஆழத்துக்குள் பின்னிக் கிடக்கின்றன. மேலே காய்ந்த தாள்கள் உதிராமல் பச்சைத் தாள்களோடு கலந்து நிற்பதால், சில நாள் மழை இல்லாவிட்டாலே பற்றிக்கொள்ளும். தீ வேகமாக ஓடிவிடும். மண்ணுக்குள் சூடு அதிகம் இறங்காது. நிழல் தரக்கூடிய இளஞ்செடிகள் கருகிப்போக, அடுத்த சில நாளில் லாலாங் மட்டும் தளிர்விடும். எரிந்த பிறகு அது பூப்பதும் அதிகம். பஞ்சு போன்ற விதைகளைக் காற்று அடுத்த நிரைக்குக் கொண்டுபோகும். தீ வைத்து லாலாங்கை ஒழிக்கலாம் என்பது, உரம் போட்டுக் களை அழிப்பதைப் போன்றது.

இதே புல் அமெரிக்காவுக்கும் போனது. 1912 வாக்கில் ஜப்பானிலிருந்து வந்த பொருள்களைச் சுற்றிய பொதிப்புல்லாக அலபாமா மாநிலத்தில் இறங்கி, தெற்கத்திய பைன் காடுகளில் பரவிவிட்டது. அங்குள்ள நீள்இலைப் பைன் மரம் தீயோடு வாழப் பழகியது. தடித்த பட்டை உண்டு. சில ஆண்டுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் மெல்லிய தீ அதற்குத் தேவையும்கூட. ஆனால் லாலாங் புகுந்த இடத்தில் தீ உயரமாகவும் கடுஞ்சூடாகவும் எழுவதால், அந்தப் பைன் கன்றுகளே தாங்குவதில்லை.

தீக்குப் பழகிய மரத்துக்கே இந்தக் கதி என்றால், அமேசான் மழைக்காட்டிலிருந்து வந்த ரப்பர் மரம் என்னவாகும்? அதன் பட்டை மெல்லியது. பால் ஓடும் நாளங்கள் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கின்றன. காற்றுக்கு மறைவான பக்கத்தில் தீநாக்கு மரத்தைத் தழுவி மேலேறும். மரம் நிற்கும், இலையும் துளிர்க்கலாம். ஆனால் வெந்த பட்டை வெடித்து, பால்வெட்டும் பக்கம் வீணாகும், வண்டு துளைக்கும். மூன்று நான்கு வயதுக் கன்று என்றால் பெரும்பாலும் அதோடு சரி. ஆறேழு ஆண்டு காத்திருந்து பால் வெட்டவேண்டிய சிறுதோட்டக்காரர் மறுபடியும் முதல் குழியிலிருந்து தொடங்க வேண்டும்.

முந்தைய தலைமுறை இதோடு மல்லுக்கட்டிய விதம் வேதனையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், புல் பூண்டே இல்லாமல் தரையைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டம் எனத் துரைமார் கருதினர். மேல்மண் மழையில் போனது. லாலாங்குக்கு சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சைத் தெளித்தார்கள். தெளித்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள். பிறகுதான் புவேராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற பயறினக் கொடிகளைப் படரவிட்டுத் தரையை மூடும் வழக்கம் வலுத்தது. இந்தியாவிலிருந்து வந்த முக்குனா பிராக்டியாட்டா கொடி அண்மைக் காலத்தில் சேர்ந்தது.

கொடி படர்ந்தால் லாலாங்குக்கு வெயில் கிடைக்காது. அதன் பலவீனம் நிழல்தான். ஆனால் எல்லாக் கொடியும் ஒன்றல்ல. கலப்பகோனியம் வறட்சியில் காய்ந்துவிடும், அப்போது அதுவே எரிபொருள். மரங்கள் கிளை கோத்த பிறகு லாலாங் தானே மெலியும். வெள்ளை வேர் நோயாலோ காற்றாலோ மரம் விழுந்த வெற்றிடத்தில்தான் மீண்டும் தலைகாட்டும். அந்தத் திட்டுகளைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

களைக்கொல்லி தெளிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தெளித்துச் செத்த லாலாங் வைக்கோல்போல நின்றுகொண்டிருக்கும். வறட்சி தொடங்கும் வேளையில் தெளிப்பது விறகு அடுக்குவதற்குச் சமம். அது சாய்ந்து மக்குவதற்கு முன்கூட்டியே தெளித்திருக்க வேண்டும். மருந்து வேண்டாம் என்றால், பலகையை வைத்து மிதித்துப் புல்லை அடியோடு சாய்த்துவிடலாம். வெட்டினால் உடனே தளிர்க்கும் லாலாங், மடிந்து கிடந்தால் மெதுவாகத்தான் எழும். அந்த இடைவெளியில் கொடி ஏறிக்கொள்ளும். சாலையோரமும் எல்லையோரமும் சில அடி அகலத்துக்குத் தரையைச் சுத்தமாக வைத்தால், சிறு தீ அங்கேயே நிற்கும்.

மாட்டுக்கு இளம்புல் வேண்டும் என்று லாலாங் காட்டைக் கொளுத்தும் பழக்கம் தோட்டங்களில் இருந்தது. திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். வெட்டிவிட்டாலும் அதே இளந்தளிர் வரும், பக்கத்து நிலத்துக் கன்றுகளும் தப்பும்.