தாத்தாவின் சேறு: கொல்லிமலையில் ஓர் அறிவியல் வகுப்பு

கொல்லிமலையில் சிறுபிள்ளைகளுக்கு நடந்த ஓர் அறிவியல் பாடம் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. நடந்தது 1923க்குச் சில வருஷங்கள் முன்பு. இடம் பள்ளிக்கூடம் இல்லை, நெல்வயல் வரப்பு. நடத்தியவர் வாத்தியார் இல்லை, அந்த வயலுக்குச் சொந்தக்காரரான ஒரு மலைக்காரப் பெரியவர். கேட்டவர்கள் தவளை பிடித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பையன்கள். அதில் ஒருவன் வெள்ளைக்காரப் பையன். அவன் அங்கே இருந்தான் என்பதால் மட்டும்தான் அந்தப் பாடம் இன்று நமக்குப் படிக்கக் கிடைக்கிறது.

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவனுக்கு வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும்தான் ஞாபகம் வரும். எம்.ஏ. வகுப்பில் எனக்கும் அப்படித்தான். அங்கே மனுஷர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகள் எதையோ கற்றுக்கொண்டுதான் வளர்கிறார்கள் என்பது சங்க இலக்கிய வகுப்பில் வராத விஷயம். மலையில் பெரும்பான்மையானவர்கள் மலையாளிகள். கேரளத்தவர் அல்ல, தமிழ் பேசும் பழங்குடிகள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களது வாய்மொழி மரபு. இன்று நாமக்கல் மாவட்டம். 1997 வரை சேலம். இந்தச் சேலம் பின்னால் தேவைப்படும்.

அந்த வெள்ளைக்காரப் பையன் பால் பிராண்ட். 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவர். பிற்காலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து திரும்ப இயக்கியவர். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் ஈவ்லின். வாழவந்தி நாட்டில் வீடு கட்டி மருந்து, பள்ளி, பிரசங்கம் மூன்றையும் சேர்த்து நடத்திய மிஷனரிகள். ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலின் கொடிய வகையொன்றில் அங்கேயே இறந்தார்.

அவரிடம் வந்த நோயாளிகளில் நரம்புச் சிலந்தி கண்டவர்களும் உண்டு. புழுவின் இளம்புழுப் பருவத்தைச் சுமக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சியைக் குடிநீரோடு விழுங்குவதால் வருவது அந்த நோய். ஒரு துணியில் வடிகட்டிக் குடித்தால் போதும், வராது. இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக 2000இல் சான்றளிக்கப்பட்டது. மருந்து கண்டுபிடித்து ஒழித்த நோயல்ல அது. துணியும் கிணற்றங்கரை ஒழுங்கும் ஒழித்த நோய். ‘வடிகட்டுதல்’ என்ற பாடத்தில் நம் புத்தகங்கள் டீத்தூளை வடிகட்டுவது பற்றிப் பேசும். நரம்புச் சிலந்தியை ஏன் பேசவில்லை என்பதை யாராவது கேட்கலாம்.

தாத்தாவின் வகுப்புக்கு வருவோம். 1980களில், அமெரிக்காவில் மிசிசிப்பிக் கரையிலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில், பிராண்ட் ஒரு கட்டுரையில் இதைச் சொல்கிறார். ஓடையை ஒட்டிப் படிப்படியாக இறங்கும் வயல்கள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் புல் படர்ந்த வரப்பு. வரப்பின் மடை வழியாக மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்கு இறங்கும். பையன்கள் சேற்றில் உழப்பித் தவளை பிடிக்கிறார்கள், நாற்று மிதிபடுகிறது. பெரியவர் வருவதைப் பார்த்ததும் கரையேறித் தலைகுனிந்து நிற்கிறார்கள். நாற்றுக்காகத் திட்டு விழும் என்று எதிர்பார்க்க, அவர் குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி இது என்ன என்று கேட்கிறார். கூட்டத்தில் பெரிய பையன் சேறு என்கிறான். யாருடையது? உங்களுடையது தாத்தா. பிறகு பக்கத்து மடையைக் காட்டி அதில் என்ன ஓடுகிறது என்கிறார். தண்ணீர் என்கிறார்கள். அப்போதுதான் அவருக்குக் கோபம் வருகிறது. நாலடி கூட்டிப்போய், கலக்கப்படாத மடையில் தெளிவாக ஓடும் நீரைக் காட்டித் திரும்பவும் முதல் மடைக்கு அழைத்து வருகிறார். இப்போது பையன்களே சொல்லிவிடுகிறார்கள், இது தண்ணீர் இல்லை, சேறு என்று. கீழே போன சேறு மேலே திரும்பாது, ஒரு கைப்பிடிச் சேறு தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது என்பதை அவர் விளக்கியது அதற்கப்புறம்தான்.

இதை நல்லொழுக்கக் கதையாகப் படிக்கலாம். பிராண்ட் அப்படித்தான் எழுதினார், அவருடைய வாசகர்களும் அப்படித்தான் படித்திருப்பார்கள். நான் இதைப் பாடமுறையாகப் படிக்க விரும்புகிறேன். பெரியவர் முதலில் பெயர் கேட்கிறார். பிள்ளைகள் சொல்லும் பெயர் தவறு என்று சொல்லாமல், ஒப்பிட இரண்டாவது மடை ஒன்றைக் காட்டுகிறார். ஆய்வுக்கூட மொழியில் அதற்குக் ‘கட்டுப்பாட்டுச் சோதனை’ என்று பெயர். ஒரே வயல், ஒரே ஓடை, ஒரே நாள். ஒரு மடை கலங்கியிருக்கிறது, இன்னொன்று தெளிந்திருக்கிறது. வித்தியாசம் நீங்கள் குதித்ததுதான். முடிவைப் பிள்ளைகள் வாயிலிருந்தே வரவைக்கிறார். விதி கடைசியில் வருகிறது. நம் புத்தகத்தில் விதி முதலில் வரும்: மண்ணின் மேலடுக்கு நீராலோ காற்றாலோ அடித்துச்செல்லப்படுவது மண் அரிப்பு எனப்படும். ‘எனப்படும்’ என்று முடியும் வாக்கியத்தில் யார் அப்படிச் சொல்கிறார்கள் என்று ஒரு குழந்தையும் கேட்க முடியாது. செயப்பாட்டு வினையை இலக்கண வகுப்பில் படித்தோமே, அதன் அதிகாரம் எங்கே செயல்படுகிறது என்பதை அறிவியல் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தப் பாடம் நடந்தது தமிழில். நமக்குக் கிடைப்பது அறுபது வருஷம் கழித்து, ஆங்கிலத்தில், கிறித்துவ வாசகர்களை நோக்கிய ஒரு பிரதியில். தாத்தா அதில் கொஞ்சம் ஞானியாகிவிடுகிறார், கீழைத்தேய முதியவர் என்ற பழைய சித்திரம் மேலே படிகிறது. ‘தாத்தா’ என்ற ஒரு சொல் மட்டும் மொழிபெயர்ப்பில் கரையாமல் நிற்கிறது. அந்தப் பையன்களில் ஒருவன் ஒன்பது வயதில் கப்பலேறி இங்கிலாந்து போனான், மருத்துவம் படித்தான். அதே மடையருகே, அதே கேள்விக்கு முதலில் பதில் சொன்ன பெரிய பையனுக்குப் பிரதியில் பெயரில்லை.

இதே காலத்தில் மலையடிவாரத்துக்கப்பால், சேலம் நகரத்தில் என்ன நடந்தது? 1916இல் அங்கே வக்கீலாக இருந்த ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் அறிவியல் சொற்களை உண்டாக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று பலரும் நம்பாத காலத்தில் அது பெரிய காரியம், மறுப்பதற்கில்லை. பின்னாளில் ராஜாஜி ‘திண்ணை ரசாயனம்’ என்றே ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பு அழகானது. ஆனால் எவர் வீட்டுத் திண்ணை, அதில் யார் உட்காரலாம், யார் தெருவில் நின்று கேட்க வேண்டும் என்ற கேள்வியைத் தலைப்பு தன் மேல் இழுத்துக்கொள்கிறது. ஒரே மாவட்டத்தில், ஏறக்குறைய ஒரே வருஷங்களில், ஒரு பக்கம் சொல் உருவாகிறது, இன்னொரு பக்கம் சேறு கையில் இருக்கிறது. ‘தெளிய வைத்து இறுத்தல்’ என்ற சொல்லும், மடையில் தெளிந்து இறங்கும் தண்ணீரும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

சரி, சந்திக்க வைத்துவிடலாமே, உள்ளூர் அறிவைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் போதுமே என்று நண்பர்கள் சொல்வார்கள். நானும் சில காலம் அப்படித்தான் பேசித்திரிந்தேன். ஆனால் தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தை வெள்ளந்தியாகச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது.

1904இல் கர்சன் அரசின் கல்வித் தீர்மானம் கிராமப் பள்ளிப் பாடம் உழவர் வாழ்க்கையை ஒட்டியிருக்க வேண்டும் என்றது. உழவன் மகன் உழவனாகவே இருப்பதில் ஏகாதிபத்தியத்துக்கு ஆட்சேபம் இருக்க முடியாது. 1937இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தார். ஜாகிர் உசேன் குழு வகுத்த பாடத்திட்டத்தில் பொது அறிவியலுக்கும் இடமிருந்தது, கைத்தொழில் வழியே எல்லாப் பாடமும் என்பது அதன் துணிச்சல். நோக்கம் வேறு, மறுக்கவில்லை. பிறகு 1953. முதலமைச்சர் ராஜாஜி கிராமத் தொடக்கப்பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும். பெரியார் அதைக் குலக்கல்வி என்று அழைத்தார், அந்தப் பெயரே நிலைத்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. 1916இல் அறிவியலுக்குத் தமிழ்ச்சொல் தேடிய அதே மனிதர் 1953இல் கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் போதும் என்று நினைத்ததில் முரண் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. சொல் திண்ணைக்கு, சேறு வயலுக்கு. இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கும்.

ஆக, தாத்தாவின் வகுப்பைக் கொண்டாடுகிறவன் குலக்கல்விக்குப் பின்வாசலைத் திறக்கிறானா? எனக்கு இந்தக் கேள்வி வருஷக்கணக்காக உறுத்தியது. மலைப்பிள்ளைக்குச் சாமையும் தேனும், நகரத்துப் பிள்ளைக்கு இயற்பியல் என்று எவனாவது பாடத்திட்டம் போட்டால் எதிர்க்கத்தான் வேண்டும். ஆனால் வித்தியாசம் பாடப்பொருளில் இல்லை. கேள்வி எங்கே நிறுத்தப்படுகிறது என்பதில் இருக்கிறது. குலக்கல்வி அப்பன் செய்வதைச் செய்யச் சொல்லும். ஏன் என்ற கேள்வி அப்பனோடு நின்றுவிடும். தாத்தா வயலின் எல்லையில் நிறுத்தவில்லை. சேறு கீழ்வயலுக்குப் போகிறது, அங்கிருந்து ஓடைக்கு, ஆற்றுக்கு. ஐயாறு ஆகாய கங்கையாக விழுந்து திருச்சிச் சமவெளிக்கு இறங்குகிறது. சேற்றைத் தொடர்ந்து போகிற பிள்ளை மலையைவிட்டு இறங்கியே தீர வேண்டும்.

இறங்கினால் என்ன தட்டுப்படும்? ஜவ்வரிசி ஆலை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சேலத்தில் தொடங்கிய தொழில் மெல்ல மெல்லக் கொல்லிமலைச் சரிவை மரவள்ளிக்காடாக்கியது. அதற்குமுன் அங்கே விளைந்தது சாமை, தினை, கேழ்வரகு. சாமையில் மட்டும் கட்டவெட்டி, மல்லியசாமை, திருகுலாசாமை, வெள்ளைப் பெருஞ்சாமை என்று எத்தனை பெயர்! எத்தனை நாளில் விளையும், எந்த மண்ணுக்கு ஆகும் என்பதை வைத்துப் பிரித்த வகைப்பாடு அது. 1990களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைத் தொகுத்து விதைவங்கி அமைக்க முயன்றிருக்கிறது. மரவள்ளி அகலமான இடைவெளியில் நடப்படுவது, நெடுநாள் நிலத்தை மூடாமல் விடுவது, அறுவடையில் கிழங்கோடு மண்ணையும் கிளறுவது. சரிவில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, மடை கலங்கும். பிராண்ட் பின்னாளில் திரும்பிப் போனபோது காடு போய், படிவயலும் ஓடையும் தான் அறிந்த நிலையில் இல்லாததைக் கண்டு எழுதியிருக்கிறார். ஆனால் மரவள்ளி நட்டவனை அறிவிலி என்று திட்டுவது சுலபம். சாமையை உரலில் இடித்துத் தோல் நீக்கும் வேலை பெண்கள் தலையில். மரவள்ளிக்கு ஆலைக்காரன் காசு கொடுக்கிறான். சேறு ஏன் ஓடுகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை சரிவிலும் மழையிலும் இருக்கிறது, மீதி விடை கூலியிலும் விலையிலும் இருக்கிறது.

இங்கேதான் பள்ளி தோற்கிறது. 2005இல் வந்த தேசியக் கலைத்திட்டம் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அறிவியலும் சமூகமும் பிரியாத சூழ்நிலையியலாக இருக்கட்டும் என்றது. தமிழ்நாட்டிலோ மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியல் தனிப் பாடம், சமூக அறிவியல் தனிப் பாடம். சரிவும் மழையும் ஒன்றில், விலையும் கூலியும் இன்னொன்றில். எட்டு வயதுப் பிள்ளை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே விழுந்துவிடுகிறது.

முயற்சியே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். 1972இல் மத்தியப்பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில், நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே சோதித்து அறிவியல் கற்கும் திட்டம் தொடங்கியது. சாதாரண அரசுப் பள்ளிகளில், வயல்வெளிப் பயணத்தோடு, மலிவான பொருள்களை வைத்துச் செய்தார்கள். முப்பது வருஷம் நடந்ததை 2002இல் மாநில அரசே மூடியது. இங்கே 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987இலிருந்து சிறுவருக்கான ‘துளிர்’. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதின்மூன்றில் தொடங்கிச் சில வருஷங்களில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல், வாத்தியாரைக் கரும்பலகையிலிருந்து இறக்கித் தரையில் உட்கார வைத்தது. அந்த ஒன்றுக்காகவே அதை மதிக்கிறேன். ஆனால் கையில் கொடுத்தது அட்டை. மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டை. மடை அட்டையில் ஓடாது. 2022இல் வந்த திட்டத்தின் பெயரே எண்ணும் எழுத்தும். தொற்றுக்காலம் விட்டுச்சென்ற கற்றல் இடைவெளியில் அதற்கு நியாயம் உண்டுதான். ஆனால் எண்ணுக்கும் எழுத்துக்கும் பிறகு பார்ப்பது, கேட்பது, ஒப்பிடுவது எப்போது வரும்?

மாவுச்சத்தைக் கண்டறிய உருளைக்கிழங்கின் மேல் அயோடின் சொட்டுவிட்டால் நீலக்கருப்பாகும் என்று புத்தகம் சொல்லும். கொல்லிமலைப் பிள்ளைக்கு மரவள்ளியை நறுக்கிச் சொட்டுவிட்டால் போதும், அதே நீலக்கருப்புதான் வரும். வந்தபிறகு ஒரு கேள்வி மிச்சமிருக்கும்: இந்த மாவு லாரியில் எங்கே போகிறது, கூடவே எது போகிறது? இதைக் கேட்கத் தோதான வாத்தியார் அந்த மலைப்பள்ளிகளில் இருக்கக்கூடும், இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்டால் எந்தப் பாடவேளையில் கேட்பது, தேர்வில் எந்தத் தாளில் மதிப்பெண் போடுவது என்பதுதான் சிக்கல்.

முதலில் பதில் சொன்ன அந்தப் பெரிய பையனை நினைத்துக்கொள்கிறேன். உயிரோடிருந்திருந்தால் 1953இல் அவனுக்கு நாற்பது தாண்டியிருக்கும். பள்ளிக்கூட வயதில் பிள்ளைகள் இருந்திருக்கும். மூன்று மணி நேரப் பள்ளி முடிந்து மீதி நாளில் அவனிடம் தொழில் கற்க வந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள். அவன் அவர்களை மடையருகே கூட்டிப்போய் என்ன கேட்டிருப்பான்?