குதிரைக்குட்டியும் குழந்தையும்: ‘ரியாழா’ எனும் பொறுமைக் கலை

 

 

அறபு மொழியில் ‘ரியாழா’ என்றொரு சொல் உண்டு. இன்றைய அறபுப் பத்திரிகைகளில் விளையாட்டுச் செய்திப் பக்கத்தின் தலைப்பாக இச்சொல்லையே காண்கின்றோம். ஆன்மிக நூல்களில் உள்ளத்தைப் பண்படுத்தும் பயிற்சிக்கும் இதுவே பெயர். ஆயினும், பண்டைய அறபு அகராதிகளில் இதன் வினைச்சொல்லைத் தேடுவோமாயின், இளங்குதிரையைச் சவாரிக்குப் பழக்குதல் என்ற பொருளைக் காண்போம். குதிரை லாயத்தில் வழங்கிய ஒரு சொல் விளையாட்டு மைதானத்திற்கும், மனித உள்ளத்திற்கும் எவ்வாறு வந்து சேர்ந்தது? இதனைச் சிந்திப்பது பிள்ளை வளர்க்கும் நமக்கு மிகப் பயன் தரும்.

மதீனாவில் இரு பந்தயங்கள்

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தியை இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அதில் அவர்களும் கலந்துகொண்டார்கள். உணவை ஒழுங்குபடுத்தி, மேனியை இறுகச் செய்து, ஓட்டத்திற்கென ஆயத்தம் செய்யப்பட்ட குதிரைகளுக்கு அல்-ஹப்யா எனுமிடத்திலிருந்து ஸனிய்யதுல் வதா வரை தூரம் குறிக்கப்பட்டது. இது 5 அல்லது 6 மைல் என அறிவிப்பாளர்களுள் ஒருவரான ஸுப்யான் கூறுகின்றார். அவ்வாறு ஆயத்தம் செய்யப்படாத குதிரைகளுக்கோ ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஏறக்குறைய 1 மைல் மட்டுமே குறிக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆயத்தமற்ற குதிரை பந்தயத்திலிருந்து ஒதுக்கப்படவுமில்லை; ஆயத்தமான குதிரையின் தூரத்தை ஓடுமாறு வருத்தப்படவுமில்லை. அதனதன் தகுதிக்கேற்ற தூரம் அதற்கு வழங்கப்பட்டது.

மதீனாவில் ஓர் இரவு மக்கள் ஏதோ ஓர் ஓசை கேட்டு அஞ்சியபோது, நபி (ஸல்) அவர்கள் அபூ தல்ஹா (ரழி) அவர்களின் குதிரையில் சேணமின்றியே ஏறிச் சென்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அது மந்தமாக நடக்கும் குதிரை எனப் பெயர் பெற்றது. அதனையோ அன்னார் கடலுக்கு ஒப்பிட்டுப் பாராட்டினார்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் முரண்டு பிடித்த ஒட்டகத்தை அங்குமிங்கும் இழுத்து அலைக்கழித்தபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு உபதேசித்தார்கள். மென்மை சேர்ந்த எதுவும் அழகு பெறும், அது நீங்கிய எதுவும் அழகிழக்கும் என்பது அன்னாரின் போதனையாகும்.

குட்டி வளரும் படிகள்

அறபிகள் குதிரைக்குட்டியை ‘முஹ்ர்’ என்பர். ஓராண்டு நிறைந்தால் ‘ஹவ்லீ’, இரண்டாம் ஆண்டில் ‘ஜதஃ’, மூன்றில் ‘ஸனீ’, நான்கில் ‘ரபாஃ’, ஐந்தில் ‘காரிஹ்’ எனப் பருவத்திற்குப் பருவம் பெயரிட்டனர். பற்கள் விழுந்து முளைப்பதைப் பார்த்தே வயதைக் கணித்தனர். ஐந்து வயதில்தான் குதிரை முழு வளர்ச்சியடைந்ததாகக் கருதினர். குதிரையின் முதுகெலும்பு முழுமையாக முதிர்வதற்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகின்றது என இன்றைய விலங்கு மருத்துவமும் கூறுகின்றது. பார்வைக்கு உயர்ந்து வளர்ந்துவிட்டது என்பதற்காக இளங்குட்டியின் முதுகில் பாரத்தை ஏற்றினால், அதன் பாதிப்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடலாம்.

குதிரை இயல்பிலேயே அஞ்சி ஓடும் பிராணி. கொம்போ கூரிய நகமோ அதற்கில்லை. ஓட்டமே அதன் பாதுகாப்பு. எனவே, முதுகில் ஒன்று தாவி ஏறினால் தன்னைக் கொல்ல வந்த விலங்கென்றே அது எண்ணும். இவ்வச்சத்தை அடியினால் போக்க முடியாது. கிரேக்க அறிஞர் செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே, கோபத்துடன் குதிரையை அணுகலாகாது எனத் தமது நூலில் வலியுறுத்தியுள்ளார்.

ஆகவே, நல்ல பயிற்சியாளர் முதலில் குட்டியின் அருகில் வெறுமனே நிற்கப் பழகுகின்றார். பின்னர் கழுத்தைத் தடவுகின்றார். கால்களைத் தூக்கிப் பார்க்கின்றார். அடுத்துத் தலைக்கயிறு, முதுகில் ஒரு போர்வை, சில நாட்கள் கழித்துச் சேணம், இறுதியாகவே பாரம் குறைந்த ஒருவரின் சவாரி. ஒரு படியில் குட்டி நடுங்கினால் முந்திய படிக்குத் திரும்புகின்றார். அதனைத் தோல்வியென அவர் கருதுவதில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கயிற்றை மெல்ல இழுக்கும்போது குட்டி ஓரடி முன்வைத்தால், அக்கணமே அவர் கயிற்றைத் தளர்த்துகின்றார். அத்தளர்வுதான் குட்டிக்குக் கிடைக்கும் பரிசு. கீழ்ப்படிந்த பின்னரும் இழுத்துக்கொண்டேயிருந்தால், கீழ்ப்படிவதால் பயனில்லை என்பதையே அது கற்றுக்கொள்ளும். பெற்றோர்களே! பிள்ளை சொற்கேட்ட பின்னரும் பழைய தவறைச் சொல்லிக்காட்டிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கின்றோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

பக்தாதிலும் கெய்ரோவிலும்

இக்கலை ‘புரூஸிய்யா’ என்ற பெயரில் ஓர் அறிவுத்துறையாகவே வளர்ந்தது. அப்பாஸிய கலீபா முஃதழித் (892–902) அவர்களின் குதிரை லாயத்திற்குப் பொறுப்பாயிருந்த இப்னு அகீ ஹிஸாம், குதிரையேற்றம் பற்றியும் குதிரை வைத்தியம் பற்றியும் எழுதியவை இத்துறையில் எஞ்சியுள்ள மிகப் பழைய அறபு நூல்களுள் அடங்கும். சவாரி பழகுபவர் முதலில் சேணமற்ற குதிரையில் உறுதியாக அமரக் கற்க வேண்டும் என்பது அவரது அடிப்படைப் பாடம். கெய்ரோவில் சுல்தான் நாஸிர் முஹம்மத் இப்னு கலாவூனுக்காக அபூபக்ர் இப்னு பத்ர் எழுதிய பெருநூல் ‘அந்-நாஸிரி’ எனப் புகழ்பெற்றது.

மம்லூக்குகளின் பயிற்சிக் களத்தில் புதிய மாணவனை உடனே உயிருள்ள குதிரையில் ஏற்றிவிடவில்லை. மரத்தாலோ களிமண்ணாலோ செய்த குதிரையில் ஏறி இறங்கப் பழகிய பின்னரே உண்மைக் குதிரை அவனுக்குக் கிடைத்தது. 1260ஆம் ஆண்டு ஐன் ஜாலூத்தில் மங்கோலியரைத் தடுத்து நிறுத்தியது மம்லூக்குகளின் குதிரைப்படையே. அவ்வெற்றிக்குப் பின்னே பல்லாண்டுப் பொறுமை இருந்தது.

பாண்டிய நாட்டில் வீணான செல்வம்

இதற்கு மாறான ஒரு வரலாறு நமக்கு அண்மையிலேயே நிகழ்ந்தது. அறபிகள் ‘மஅபர்’ என அழைத்த பாண்டிய நாட்டிற்கு, காயல் முதலிய துறைமுகங்கள் வழியாக ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்கின. பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் 14ஆம் நூற்றாண்டின் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகின்றார்.

இத்தனை விலை கொடுத்து வாங்கிய குதிரைகளுக்கு நேர்ந்தது என்ன? அவற்றைக் கட்டிவைத்துப் பொருந்தாத உணவூட்டிக் கொழுக்கச் செய்து, பின்னர் பயிற்சியும் அங்கவடியும் இன்றி வெறிகொண்டோர் போல் ஏறி விரட்டினர் என்றும், வலிமை மிக்க குதிரைகளும் சில காலத்திலேயே பயனற்றுப்போயின என்றும் அவரே வருந்துகின்றார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டிறுதியில் 100கூட எஞ்சவில்லை என்கின்றார். பராமரிப்பு அறிந்தோர் அங்கில்லை. குதிரை வைத்தியர் அங்கு செல்லாதவாறு வணிகர்களே தடுத்தனர் என்றும் குறிப்பிடுகின்றார். குதிரைகள் மடிய மடிய வியாபாரம் பெருகுமல்லவா? அந்த வணிகருள் நம்மவர்களும் இருந்தனர் என்பதை வெட்கத்துடன் நினைவுகூர வேண்டியுள்ளது. காலநிலையும் ஒரு காரணமாயிருக்கலாம். எனினும், பொன்னால் குதிரையை வாங்கலாமேயன்றிப் பழக்கத்தை வாங்க முடியாது என்பது தெளிவு.

உள்ளத்தின் ரியாழா

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது ‘இஹ்யா’வில் நற்குணப் பயிற்சி பற்றிய பகுதிக்கு ‘ரியாழதுந் நப்ஸ்’ என்றே பெயரிட்டார்கள். அடங்காத குதிரையே பயிற்சியால் பணிகின்றது. மனித குணம் மாறாது என்பது எவ்வாறு பொருந்தும் என்பது அவர்களது வாதம். அதே பகுதியில் பிள்ளை வளர்ப்பையும் விளக்குகின்றார்கள். பிள்ளை நல்லது செய்தால் பாராட்ட வேண்டும். முதல் தவறைக் காணாததுபோல் விட வேண்டும். மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும். ஓதிக் களைத்த பின் விளையாட விட வேண்டும், இல்லையேல் அதன் உள்ளம் செத்துவிடும் என்கின்றார்கள். கடுமையால் அடக்கப்படும் மாணவன் பொய்யையும் சூழ்ச்சியையும் கற்றுக்கொள்கின்றான் என இப்னு கல்தூன் (1332–1406) எச்சரிக்கின்றார்.

அறபுக் கல்லூரியில் நான் ஓதிய காலத்தில் நல்ல குரல்வளமுள்ள ஒரு மாணவர் எம்முடன் இருந்தார். பாடம் தவறிய ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் அடிக்கப்பட்டார். மறுவாரம் வீட்டுக்குச் சென்றவர் திரும்பவேயில்லை. அவருக்கு ஹிப்ழ் செய்ய எஞ்சியிருந்தவை சில ஜுஸ்உகளே. முந்திய படிக்குத் திரும்ப அவருக்கு ஒருவரும் இடமளிக்கவில்லை. அன்று மௌனமாயிருந்தவர்களுள் நானும் ஒருவன்.

பெற்றோர்களே! புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையை ஒரு வகுப்பிலிருந்து மறு வகுப்புக்கு விரட்டும்போது, ஹப்யாவின் தூரத்தையும் பனூ ஸுரைக் பள்ளிவாசலின் தூரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். வாலிபர்களே! உங்கள் நப்ஸும் ஓர் இளங்குதிரையே. ஒரே நாளில் அதனை அடக்க முற்பட்டுத் தோற்று, முயற்சியையே கைவிட்டுவிடாதீர்கள். இவ்வாரம் ஸுப்ஹுத் தொழுகையை ஜமாஅத்துடன் தொழப் பழகுங்கள். அது நிலைபெற்ற பின் அடுத்த படியில் ஏறுங்கள். வழுக்கினால் முந்திய படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

வல்ல அல்லாஹ் நம் கைகளுக்கு மென்மையையும், உள்ளங்களுக்குப் பொறுமையையும் தந்து, நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.